கிட்டங்கியில் பாடிய ஆல்ட்டோ

எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது என் ஊரான நாசரேத்தின் தேவாலயத்தில் என்னை இரண்டாவது வரிசையில் இடப்பக்கமாக நிறுத்தினார்கள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகும், கோயில் மாறியதே தவிர, வரிசையும் பக்கமும் மாறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டின் மெட்டைப் பாடுகிறவர்கள் சொப்ரானோக்காரர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு அவர்கள் வாயிலிருந்து வருவதுதான். ஆல்ட்டோ அதற்குச் சற்றுக் கீழே, அதை ஒட்டியே நடக்கும் இன்னொரு குரல். இரண்டும் சேர்ந்தால் காது நிறையும். ஆல்ட்டோவை மட்டும் தனியாகப் பாடினால் என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். திடீரென்று நினைவு வந்தாற்போல ஒரு படி ஏறும், இரண்டு படி இறங்கும்.

எனக்குப் பாட்டு மனதில் வருவதே இப்படித்தான். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் ஆல்ட்டோதான் முணுமுணுப்பேன். என் கணவர் கப்பலில் இன்ஜினியர். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்த மறுநாள் காலையில் அடுக்களை வாசலில் நின்று, "என்ன பாட்டுளா அது? குழாயில தண்ணி வாரதுக்கு முந்தி ஒரு சத்தம் வருமே, அது மாதிரி இருக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே கேலிதான். ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனி வீட்டில்தான் என்று பெட்டியை மேலே ஏற்றி வைத்த இரண்டாவது வருஷம், நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அவர் இல்லாத வீட்டில் இருந்து எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்று துக்கத்துக்கு வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். பழக்கம் இருந்ததெல்லாம் திரும்பி வருவார் என்கிற வீட்டில்.

மகன் ஹாலந்தில் வேலை பார்க்கிறான். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் பார்த்துவந்த வேலையும் போன வருஷம் வயதாகி முடிந்தது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பாடகர் குழு, மற்ற நாட்களில் நானும் வீடும்.

அடுத்த வீட்டுப் பெண் இருபதுகளில் இருக்கிறவள். அவள் அப்பாவுக்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. அவள் பெங்களூரில் படித்துவிட்டு, அங்கேயே வேலை கிடைத்தும் வேண்டாமென்று திரும்பி வந்தவள். அவளும் அவள் சிநேகிதர்களும் சேர்ந்து ஊரில் ஓர் இசைவிழா நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு உதவி வேணும். இலங்கையில இருந்து பாடுதவங்க ஒருத்தங்க வாராங்க. முகூர்த்த நாளு, லாட்ஜு எல்லாம் நெறஞ்சி போச்சி. மூணு நாளு ஒங்க வீட்டுல தங்கட்டுமா?"

"என்ன பாட்டு பாடுதாங்க? சினிமாவா?"

"சினிமாப் பாட்டே கெடையாது ஆன்ட்டி. அவங்கவங்க சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டுப் பாடுததுதான். எல்லாருமே அப்படித்தான் வாராங்க."

"அத கேக்க ஆளு வருமா?"

"வரணும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே சரி என்றேன்.

வந்தவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். மன்னார்க்காரி. முதுகில் கிட்டார் உறை, கையில் கனமான ஒரு சின்னப் பெட்டி. மதுரையில் விமானம் இறங்கி பஸ்ஸில் வந்திருந்தாள். "வணக்கம் அன்ரி, உங்களுக்குக் கரைச்சல் தாறன்" என்று தொந்தரவுக்கு வருந்துவதுபோலச் சொல்லிவிட்டு, நான் கொடுத்த தேநீரைக் குடித்து, என் மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது தூங்கிப் போயிருந்தாள். நானும் எழுப்பவில்லை. வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கேட்டைப் பூட்டப் போனவள் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் இடியாப்பம் பிழிந்து, சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் காலத்தில் பாடுகிற ஒரு ஞானப்பாட்டு அது. மூன்றாவது அடிக்கு வந்தபோது என் குரலுக்கு மேலே அந்தப் பாட்டின் மெட்டு கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் அவள், வாராத தலையோடு, நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். நான் நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலேயே கையை அசைத்து, பாடுங்கள் என்றாள். கையில் தேங்காய்ப்பால் வடிய வடிய அந்தப் பாட்டைக் கடைசி வரை பாடினோம்.

அந்தச் சமையலறையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் வந்ததே இல்லை. நான் பாடிய பாட்டு எது என்று வெளியிலிருந்து கேட்கிற யாருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

"என்ன பாட்டுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"என்ர அக்கா ஆல்ட்டோ. ரெண்டு பேரும் ஒரே அறையில படுக்கிறனாங்கள். அவ கீழ பாட, நான் மேல பாடுவன். அவ தனியப் பாடேக்கையும் எனக்குள்ள மெட்டு ஓடும். அது பழகிப் போச்சு அன்ரி."

"அக்கா இப்பவும் பாடுதாங்களா?"

"கனடாவில இருக்கிறா. பாடுறேல்ல. என்னோட கதைக்கிறதும் இல்லை, ஒரு நாலஞ்சு வருசமா." சொதியைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "எங்கட வீட்டுச் சொதி மாதிரியே இருக்கு."

ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே காலால் மிதிக்கிற மாதிரி ஒரு கருவி. லூப்பர் என்றாள். முதலில் ஒரு வரியைப் பாடி மிதித்தால் அது பதிந்துகொள்ளும். அப்புறம் திரும்பத் திரும்ப அதையே பாடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் அவள் வேறு வரியைப் பாடுவாள். மேடையில் ஒருத்தியே நின்று இரண்டு பேராய், மூன்று பேராய்ப் பாடலாம். "அக்கா போன பிறகு வாங்கினது" என்று சொல்லி மூடினாள்.

விழா நடந்தது பழைய துறைமுகத்துப் பக்கம், ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியில். உள்ளே ஒரு மேடை, வெளியே முற்றத்தில் பெரிதாக இன்னொரு மேடை. பூவரச மரத்தில் கலர் பல்பு சுற்றியிருந்தார்கள். முதல் நாள் நாலு மணிக்கு அவளோடு போனேன். போனதும் அவளை யார் யாரோ வந்து கட்டிக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள், இழுத்துக்கொண்டு போனார்கள். நான் தனியாக நின்றேன். எல்லாம் என் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள். ஒரு பையன் மரியாதையாகக் கிட்டே வந்து, "அம்மா, யாரையாவது தேடுதீங்களா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, பாட்டு கேக்க வந்தேன்" என்றேன். அவன் வெட்கப்பட்டுப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். எல்லோரும் நிற்கிற இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வந்து, "பஸ்ஸுக்கு நிக்கீங்களா ஆன்ட்டி?" என்றாள். அவளுக்கும் அதே பதில். மூன்றாவதாக ஒருவர் வந்தபோது அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் பாட்டுகளைக் கேட்டேன். கொச்சியிலிருந்து இரண்டு பெண்கள். ஒருத்தி வயலின், இன்னொருத்தி லேப்டாப்பில் என்னவோ செய்ய, மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். சென்னையிலிருந்து ஒரு பையன், மீன் சந்தையில் வேலை செய்யும் தன் அம்மாவைப் பற்றி மூச்சு விடாமல் பேசிப் பேசியே பாடினான். முதலில் ஒன்றும் புரியவில்லை; இரண்டாவது பாட்டில் காது பழகிவிட்டது. கடைசியில் வேம்பார்ப் பக்கத்துப் பேண்டு செட் ஒன்று. கடற்கரை ஊர்களில் சப்பரத்துக்கு முன்னால் வாசிக்கிறவர்கள். சப்பர மெட்டுகளை விட்டுவிட்டு, தாங்களே உண்டாக்கிய மெட்டுகளை வாசித்தார்கள். டிரம்பெட் ஊதியவருக்கு என் வயதிருக்கும். அவர்கள் வாசித்தபோது முற்றமே ஆடியது. என் நாற்காலியைச் சுற்றி ஆடினார்கள். யாருடைய முழங்கையோ என் தோளில் பட்டு, "ஸாரி ஆன்ட்டி" என்று ஒரு குரல் சொல்லிப் போனது. அவ்வளவு கூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தும், வீட்டில் ஒருநாளும் தோன்றாத அளவுக்கு எனக்கு என் கணவரின் ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் எனக்கு முன்னால் எழுந்து ஆடியிருப்பார்.

மன்னார்க்காரியின் பாட்டு மறுநாள் சாயங்காலம், உள்மேடையில். காலையிலேயே மைக் சரிபார்க்கப் போக வேண்டும் என்றாள். என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சவுண்டு இன்ஜினியர் ஒவ்வொரு வயராக மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கிட்டாரை மாட்டி, லூப்பரைத் தரையில் வைத்து, ஒரு வரி பாடி மிதித்தாள். அவள் குரல் திரும்பி வந்தது. அதற்குமேல் இரண்டாவது குரலைப் பாடினாள். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. மேடை விளக்கெல்லாம் ஒருமுறை பளீரென்று எரிந்து அடங்கியது. லூப்பரிலிருந்த சிவப்புப் பொட்டு அணைந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகிய வாடை.

இன்ஜினியர் கழற்றிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "போச்சுங்க" என்றார். "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். கொச்சிக்காரப் பெண்களிடம் அது மாதிரி ஒன்று உண்டு, ஆனால் அவர்கள் விடியற்காலை ரயிலுக்கே போய்விட்டார்கள். மதுரையில் யாரிடமோ இருக்கிறது என்றார்கள். அந்த ஆள் போனை எடுக்கவில்லை. மன்னார்க்காரி மேடை விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கிட்டார் மட்டும் வெச்சிப் பாடிருவியா?" என்று கேட்டேன்.

"மற்றதெல்லாம் பாடலாம். ஒண்டு மட்டும் ஏலாது. அது ரெண்டு குரலுக்கெண்டே எழுதினது." என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் வாறியளோ?"

எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. புரிந்ததும், "நானா? ஐயோ, நான் கோயில்ல கூட்டத்துக்குள்ள நின்னு பாடுதவ" என்றேன்.

"நானும் அங்கயிருந்துதானே வந்தனான்."

வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்கப் பழகினோம். அக்கா விட்டுப்போன அறையைப் பற்றிய பாட்டு அது. "உன்ர கட்டிலில இப்ப உடுப்பு மடிச்சு வைக்கிறம்" என்று தொடங்கும். அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும்தான் பாட்டு முழுவதும் சொல்வாள். கோபமும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. ஆல்ட்டோ வரியை அவள் எனக்குப் பாடிக் காட்டினாள். நான் திருப்பிப் பாடினேன். எனக்கு வரி பிடிபட்டுவிட்டது. ஆனால் என்னை அறியாமல் குரல் தணிந்துகொண்டே போயிற்று. இத்தனை வருஷமாக, சொப்ரானோவை அமுக்கிவிடக் கூடாது என்று பாடிப் பாடி வந்த பழக்கம்.

"அன்ரி, எனக்குப் பின்னால நிக்காதையுங்கோ" என்றாள். "பக்கத்தில நில்லுங்கோ."

சொன்னது குரலைத்தான். நான் இரண்டடி முன்னால் நகர்ந்து நின்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் மத்தியான நேரத்தில் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வேறு எதைக் கட்டுவதென்று தெரியவில்லை. போனால், வெளிமேடையில் நேரம் மாறிவிட்டது. பின்னால் பாடவேண்டிய ஒரு பெரிய குழு, விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்று முன்னாலேயே ஏறப்போகிறார்கள். எல்லோரும் அவர்களுக்காக வந்தவர்கள். நாங்கள் உள்ளே போகும்போது கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே மிஞ்சியது ஒரு இளம் தம்பதி, சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த சிலர், சவுண்டு இன்ஜினியர், அப்புறம் கிட்டங்கியின் காவல்காரர். மேற்கே இருந்த உயரமான ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் கிடந்தது. வெளியே பெரிய குழு தொடங்கியதும் சுவர் அதிர ஆரம்பித்தது. அந்த அதிர்வுக்கு நடுவில் அவள் தனியாக மூன்று பாட்டுப் பாடினாள். எதிரே ஆயிரம் பேர் இருக்கிற மாதிரியே பாடினாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள். காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி. பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்பதற்காக. அவள் கிட்டாரைத் தட்டி, தொடங்கினாள். இரண்டாவது அடியில் நான் சேர வேண்டும். சேர்ந்தேன்.

அப்போது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் பாடுவது கேட்டது. அது நான்தான் என்று தெரிய ஒரு வரி ஆயிற்று. பாடகர் குழுவில் என் குரல் எனக்குத் தனியாகக் கேட்டதே கிடையாது. மற்ற குரல்களோடு கரைந்துவிட்டால் சரியாகப் பாடுகிறோம் என்று அர்த்தம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தக் குரல் நான் நினைத்திருந்ததைவிட வயதானதாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் அசையாமல் நின்றது. எனக்கு அதன்மேல் இரக்கமாகவும் இருந்தது, பிரியமாகவும் இருந்தது.

மூன்றாவது அடியில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். மறந்துபோனாளோ என்று பார்த்தேன். இல்லை. கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது, தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. கண் நிறைந்திருந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது என் வரி மட்டும்தான். அதையே பாடிக்கொண்டு போனேன். மெட்டு இல்லாத, வார்த்தைகள் ஒரே இடத்தில் நின்று நின்று நகர்கிற அந்த ஆல்ட்டோ, கிட்டங்கியின் உயரமான கூரைக்குக் கீழே தனியாகப் போயிற்று. கேட்பவர்களுக்கு அது என்ன பாட்டாகத் தெரிந்திருக்குமோ. போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் தலையைத் தூக்கினான். காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அடுத்த அடிக்கு அவள் மீண்டு வந்து சேர்ந்துகொண்டாள், முடித்தோம்.

கை தட்டினார்கள். கொஞ்சம் பேர்தான். வெளியிலிருந்து வந்த கைதட்டல் அதை உடனே மூடிவிட்டது. அந்தத் தம்பதி கிட்டே வந்து, "நல்லா இருந்துச்சு" என்றார்கள். இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. "அந்த இடத்தில நீங்களும் நிப்பாட்டியிருந்தியள் எண்டால் நான் முடிஞ்சன்" என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். விழாக்காரர்கள் எடுத்த வீடியோ வந்ததும் அக்காவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். "பார்ப்பாவோ தெரியாது. அனுப்பிப் பார்ப்பம்." நான் கொடுத்த மக்ரூன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். பஸ் திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்தேன். மகனின் அறையில் போர்வையை அழகாக மடித்து வைத்திருந்தாள். நான் மடிக்கிற மாதிரி இல்லை. ஓரங்களை உள்ளே விட்டு, தலையணை போலச் சதுரமாக. அதைத் துவைக்கப் போட எனக்கு மனம் வரவில்லை. பல நாள் அப்படியே கிடந்தது. அதற்கு முன்னாலும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தத் தனிமைக்கு நான் பழகியிருந்தேன். எந்த நேரத்தில் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியும். இது புதிதாக இருந்தது. அடுக்களையில் நின்று பாட வாய் வரவில்லை. முணுமுணுக்கத் தொடங்கினால் மூன்றாவது அடியில் தானாகவே நின்று, வாசல் பக்கம் பார்ப்பேன்.

பாடகர் குழுவில் சொன்னேன், நான் மேடையில் பாடினேன் என்று. என் பக்கத்தில் நிற்கிற ஆல்ட்டோக்காரி, "அப்படியா அக்கா! சொல்லவே இல்லியே!" என்றாள். அதற்குள் அறுப்பின் பண்டிகைக்கு எந்தப் பாட்டு என்று பேச்சு போய்விட்டது. சொல்லத் தெரியாமல் சொன்னேனோ என்னவோ. அதன் பிறகு யாரிடமும் பேச்செடுக்கவில்லை.

சில வாரம் கழித்து, அடுத்த வீட்டுப் பெண் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஒங்க வீடியோ போட்டாச்சி! நானே இன்னும் முழுசாப் பாக்கல, ஒங்க கூடப் பாக்கணும்னு வந்தேன்."

சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வெயில் விழுந்த கிட்டங்கி அழகாக இருந்தது. கிட்டார் துல்லியமாகக் கேட்டது. மன்னார்க்காரியின் குரல் துல்லியமாகக் கேட்டது. இரண்டாவது அடி வந்தது. வெள்ளைப் புடவையில் நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. போனில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்த வீட்டுப் பெண் சத்தத்தைக் கூட்டினாள். மன்னார்க்காரியின் குரல்தான் கூடியது. நான் வாயசைத்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது அடியில் அவள் நிறுத்தியபோது, படத்தில் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் கண் கலங்க நிற்கிறாள். பக்கத்தில் ஒரு வயதான பெண் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

அடுத்த வீட்டுப் பெண் உடனே கோயம்புத்தூர் சவுண்டு இன்ஜினியருக்குப் போன் போட்டாள். என் மைக்கைக் கடைசி நேரத்தில் சேர்த்ததால் அரங்குக்கு மட்டும் சத்தம் போயிருக்கிறது, பதிவுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவள் முகம் சிவந்து போய், "ஆன்ட்டி, இப்பவே எடுத்துருதேன். எடுக்கச் சொல்லிருதேன்" என்றாள்.

"வேண்டாம்ளா. அவ பாட்டு நல்லாத்தான இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"ஒங்களுக்கு வருத்தமா இல்லியா?"

"இருக்கு" என்றேன். "அதுக்காக அவ பாட்ட எதுக்கு எடுக்கணும்?"

அவள் போன பிறகு என் போனில் இன்னொரு தரம் பார்த்தேன். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: பக்கத்தில் நிற்கும் அம்மா யார்? அதற்கு இன்னொருவர்: பாடகியின் தாயாராக இருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, "பாத்தேம்மா, நீ ஏன் சும்மா வாயசைச்சிட்டு நிக்கிற?" என்றான். சொன்னேன். "அட" என்றான். பிறகு அங்கே குளிர் எப்படி என்று பேசினோம்.

மன்னார்க்காரியிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. பார்த்திருப்பாள், வருத்தமாக இருந்திருக்கும், என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் குரல் செய்தி ஒன்று வந்தது.

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட குரல் அதில இல்லை எண்டு பார்த்தவுடன எனக்கு உங்களோட கதைக்க முகம் இல்லாமப் போச்சு. ஆனா ஒரு விசயம் நடந்தது. அக்காவுக்கு அனுப்பினன். ரெண்டு கிழமை ஒண்டுமில்லை. பிறகு அவவே போன் எடுத்தா. எடுத்த உடன, அந்த இடத்தில ஏன் பாட்டு நிண்டது எண்டுதான் கேட்டவ. நான் சொன்னன், பாட்டு நிக்கேல்ல அக்கா, அங்க ஒரு ஆள் பாடிக்கொண்டுதான் நிண்டவ, உங்களுக்குத்தான் கேக்கேல்ல எண்டு. ரெண்டு பேரும் அழுதிட்டம். கனநேரம் கதைச்சம். இப்ப அக்கா அந்த வீடியோவுக்கு மேல தன்ர குரலில பாடி அனுப்பியிருக்கிறா. உங்களுக்கும் அனுப்புறன். கேளுங்கோ."

கேட்டேன். கிட்டார், அவள் குரல், இரண்டாவது அடியில் அக்கா. நல்ல குரல்; என்னுடையதைவிட இளமை; நெடுநாள் பாடாததால் தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாற்றம். அவள் பாடியது நான் பாடிய அதே வரி இல்லை. நான் இறங்குகிற ஓர் இடத்தில் அவள் அப்படியே நிற்கிறாள். அவர்கள் அந்த அறையில் படுத்துக்கொண்டு பாடியது அப்படித்தான் இருந்திருக்கும். மூன்றாவது அடியில் தங்கை நிறுத்த, அக்காவின் குரல் மட்டும் தனியாகப் போகிறது. படத்தில் அந்த வெள்ளைப் புடவைக்காரியின் வாய் அசைகிறது. குரல் வாய்க்குப் பொருந்தவும் இல்லை, ஒரேயடியாக விலகியும் போகவில்லை.

சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். கூடவே, என் இடத்தில் ஆள் வந்துவிட்டது என்றும் இருந்தது. அந்த இடம் முதலிலிருந்தே அவளுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தது.

பதில் பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் இப்படிச் சொல்லி அனுப்பினேன்: "நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு. அக்காகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. மூணாவது அடிக்கு முன்னால மூச்ச கொஞ்சம் முந்தியே எடுக்கச் சொல்லு. அந்த வரி நீளம், தனியாப் போகணும்."

மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்தேன். வழக்கம்போலத் துறைமுகத்துக் கரித்தூள் படிந்திருந்தது. ஒவ்வொன்றாக உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் தூறல் விழுவதற்குள் கீழே இறங்கினேன்.